தண்ணீர் அவருடையது

...இல்லை, காரின் ஃபேன் ஓடுகிறது, ஓடுகிறது என்று எத்தனை முறை சொல்வது, யாரிடம் சொல்வது, இதோ சுவிட்சிலிருந்து இரண்டு ஒயரையும் பிடுங்கி ஒன்றோடொன்று சேர்த்தால் பேய் பிடித்த மாதிரி சுற்றுகிறது, பிரித்தால் நிற்கிறது, சேர்த்தால் மறுபடி சுற்றுகிறது, என் வேலையில் ஒரு குறையும் கிடையாது, இதைப் பக்கத்தில் வந்து நின்று பார்க்க வேண்டியவர் வரமாட்டார், பத்தடி தள்ளி அந்தக் குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு யாருடைய வேனுக்கோ அடியில் எதையோ திருகிக்கொண்டிருக்கிறார், தலை மட்டும் தெரிகிறது, அந்தத் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தால் என்ன... வைக்க முடியாது, அண்ணன் தலை, அதுதான் தொல்லை, இவ்வளவு கோபத்திலும் மனசுக்குள் 'அவன்' என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கிறது, 'அவர்' என்றுதான் வருகிறது, மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத கோபம், இப்படி ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வது? பேசாமல் இருக்கலாம். அதைத்தான் ஒரு வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறோம், ஒரே ஷெட்டில், ஒரே தகரக் கூரைக்கு அடியில், ஒரே குழாயில் கை கழுவிக்கொண்டு.

இன்ஜின் அவருடையது, ஒயர் என்னுடையது. ஆரம்பத்தில் இது வசதிக்காக ஏற்பட்ட பாகப்பிரிவினைதான், அவருக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்டாலே அதற்கு வயிறு சரியில்லையா நெஞ்சு சரியில்லையா என்று தெரிந்துவிடும், எனக்கு பியூஸ், பேட்டரி, விளக்கு, ஹாரன், டேஷ்போர்டுக்குப் பின்னால் நூல்கண்டு மாதிரிச் சிக்கிக் கிடக்கிற ஒயர், வருகிறவர்கள் அவரை இன்ஜின்காரர் என்பார்கள், என்னை ஒயர்க்காரர் என்பார்கள், யாராவது ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும், மிச்சத்தை நாங்கள் பேசிக்கொள்வோம். பேச்சு நின்ற பிறகு வசதியே சட்டமாகிவிட்டது. ரேடியேட்டர் அவருடையது, அதை ஒட்டி நிற்கிற ஃபேன் என்னுடையது. ரேடியேட்டரில் திருகியிருக்கிற இந்தச் சுவிட்சு இருக்கிறதே, தண்ணீருக்குள் இருக்கிற மரை அவருடையது, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற இரண்டு முனை என்னுடையது, சிரிப்பு வரவில்லை எனக்கு, போன வாரம் இதை மாற்ற வேண்டியிருந்தது, கழற்றினால் தண்ணீர் கொட்டும், தண்ணீர் அவருடையது, ஆகவே புதுச் சுவிட்சை வண்டியின் மூக்கில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தால் மாட்டியிருந்தது, நான் ஒயரைச் செருகினேன், ஒரு வார்த்தை இல்லை. எங்களிடம் வேலைக்கு இருந்தவர்கூட இதனால்தான் போனார். "அவரு சொன்னாருன்னு இவர்கிட்ட, இவரு சொன்னாருன்னு அவர்கிட்ட, எனக்குத் தொண்டை வத்திப்போச்சு சார். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

இந்தக் கார் தங்கையுடையது. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள், பக்கத்து இருக்கைக்கும் ஒரு கிளட்ச் ஒரு பிரேக் வைத்த பழைய கார், வயசாகிவிட்டது, ஆனாலும் எத்தனை பேர் எத்தனை விதமாக மிதித்தும் பொறுத்துக்கொண்ட கார், அதற்கு இருக்கிற பொறுமையில் கால்வாசி இந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. காலையில் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதே சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி, பழக வந்த அம்மாள் தீப்பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு கதவைத் திறந்து நடு ரோட்டில் குதித்துவிட்டாளாம், பின்னால் வந்தவன் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது, இது மூன்றாவது தடவை, அதுவும் ரேடியேட்டரையும், சூடானதும் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டையும் புதிதாக மாற்றிய பிறகு. வந்து இறங்கியவள் என் பக்கமும் பார்க்கவில்லை, அவர் பக்கமும் பார்க்கவில்லை, நடுவில் நின்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. நாளைக்குக் காலையில என்கிட்ட பழகினவங்களுக்கு டெஸ்ட். இந்த வண்டியிலதான் பழகினாங்க, இதுலதான் ஓட்டிக் காட்டணும். சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா வேற இடத்துல விட்டுக்கறேன். அப்புறம் வண்டியும் இங்க வராது, நானும் வரமாட்டேன். உங்களுக்கு நடுவுல தபால் குடுத்துக் குடுத்து எனக்கு அலுத்துப்போச்சு." சாவியை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள், ஆமாம், தரையில், போய்விட்டாள். சொன்னால் செய்வாள், அவளும் இந்த வீட்டுப் பிறப்புதானே, எங்கள் பிடிவாதம் அவளுக்கு மட்டும் இல்லாமலா போகும்? அவள் வராவிட்டால்... அண்ணனுக்கு ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அவள் சொல்லித்தான், எனக்குப் போன மாதம் காய்ச்சல் என்று அவருக்குத் தெரிந்ததும் அவள் சொல்லித்தான் இருக்கும், அவளும் நின்றுவிட்டால் இந்த ஷெட்டில் இரண்டு அந்நியர்கள்தான் பாக்கி. அது அவருக்குப் புரிகிறதா? புரிந்தால் அந்த வேனுக்கு அடியில் என்ன வேலை?

சரி, அவர் வரமாட்டார், நானே பார்க்கிறேன், எது என்னுடையது எது அவருடையது என்று இன்றைக்கு மட்டும் பார்க்கப்போவதில்லை. முள் பொய் சொல்கிறதா? சென்சார் ஒயரைக் கழற்றி வண்டியின் உடம்பில் வைத்தேன், முள் கடைசிவரை ஓடியது, எடுத்தேன், இறங்கியது, முள் பொய் சொல்லவில்லை, சூடு உண்மைதான். இன்ஜினின் தலைக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? ஆயில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன், ஆயில் ஆயிலாகத்தான் இருக்கிறது, தண்ணீர் கலந்து வெளுத்துப் போகவில்லை, பின்னால் போய்ப் புகையைப் பார்த்தேன், வெள்ளைப் புகை இல்லை, நல்லவேளை, ஆனால் மூன்று தடவை வெந்த இன்ஜின், நாலாவது தடவை முள் சிவப்புக்குப் போனால் ஹெட் வளைந்துவிடும், அதற்குப் பிறகு இந்த வயசான இன்ஜினைத் திறந்து பார்க்கிறதே வீண், வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான், நாளைக்கு டெஸ்ட் என்ன, அவள் பிழைப்பே போச்சு. ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன், மேல் ஹோஸ் கை வைக்க முடியாத சூடு, கீழ் ஹோஸ் வெதுவெதுப்பு, அப்படியென்றால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை, ஏன் சுற்றவில்லை, தெர்மோஸ்டாட் புதுசு, பம்ப்பையும் போன தடவை மாற்றிவிட்டார், ரேடியேட்டர் பளபளவென்று இருக்கிறது, அடைக்க அதில் ஒன்றும் இல்லை... இங்கே நிறுத்திவைத்து ஓட்டினால் நெடுநேரம் ஒழுங்காக நிற்கிறது, ரோட்டில் போனால் கொதிக்கிறது, கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதைதான். போன தடவை இப்படித்தான், முள் பாதியில் நின்றதைப் பார்த்துவிட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் சொன்னார், என் காதில் விழட்டும் என்றே சொன்னார், "இன்ஜின்ல ஒண்ணும் இல்ல, கரண்டுலதான் ஏதோ." கரண்டுலதான் ஏதோ! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அதுதான் அவரிடம் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது, அந்தக் குரல், சந்தேகமே இல்லாத குரல். அன்றைக்கும் அதே குரலில்தான் சொன்னார். என் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் அக்கா வீட்டுக்குப் போன மறுநாள், வேறெங்கே போவதென்று தெரியாமல் ஷெட்டுக்கு வந்துவிட்டேன், ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கையில் ஒரு ஹெட்லைட் பல்ப், மாட்டினால் எரியவில்லை, வண்டிக்காரர் பக்கத்தில் நின்று "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்" என்று சாதாரணமாகத்தான் கேட்டார், நான் அவர்மேல் விழுந்து பிடுங்கினேன், தப்புதான், தப்பு என்று அப்போதே தெரிந்தது, அண்ணன் வேறொரு வண்டியின் பானெட்டுக்குள் குனிந்திருந்தார், தலையைக்கூடத் தூக்கவில்லை, "உன்கூட எவளால குடும்பம் நடத்த முடியும்" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அடித்திருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருப்பேன், திட்டுகிற குரலில் சொல்லவே இல்லை, பிஸ்டன் தேய்ந்துவிட்டது, ஆயில் குடிக்கிறது என்று சொல்கிற குரல், என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்கிற குரல். வண்டிக்காரர் தரையைப் பார்த்தார். நான் பல்பை மேஜைமேல் வைத்தேன். எனக்கு வலிப்பது எது என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அந்நியர் எதிரில் சொன்னதா, மறுநாளே சொன்னதா... அதெல்லாம் இல்லை, அவர் ஒரு கோளாறைப் பார்த்து இதுதான் என்று சொல்லி இதுவரை தப்பினதில்லை, அதுதான். அப்படியானால் அதுவும்...? அந்தக் கேள்விக்குள் போகக்கூடாது, வேலையைப் பார். அண்ணி மத்தியானம் இருவருக்கும் சேர்த்தே சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள், என் டப்பாவை நான் என் மேஜையில் வைத்துச் சாப்பிடுகிறேன், அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார், கோபம் அவர்மேல்தான், சாப்பாட்டின்மேல் இல்லை.

தண்ணீர் சுற்றவில்லை, ஏன் சுற்றவில்லை... டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சத்தம் என்று தங்கை ஏதோ சொன்னாளே? எப்போது சொன்னாள், ரேடியேட்டர் மாற்றின வாரமே சொன்னாள், வண்டியைக் கிளப்பினதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக்கென்று, குடத்தைச் சாய்த்த மாதிரி. முதலில் அண்ணனிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவர் "டேஷ்போர்டா? அவன்கிட்ட சொல்லு" என்றிருக்கிறார், என்னிடம் வந்தாள், நான் "தண்ணியா? அவர்கிட்ட சொல்லு" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போய் வண்டியில் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டாள். டேஷ்போர்டுக்குள் தண்ணீருக்கு என்ன வேலை? ஹீட்டர். ஹீட்டருக்குத்தான் இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர்க் குழாய் உள்ளே வருகிறது, இந்த வெயிலில் ஹீட்டர் போடுகிறவனை டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்கள், அதனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோச்சு, உள்ளே போய் உட்கார்ந்தேன், இன்ஜினைக் கிளப்பினேன், முள் ஏறுகிறவரை காத்திருந்து ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கடைசிவரை திருகினேன், காற்று வந்தது, கையை வைத்துப் பார்த்தேன்... குளிர்ச்சி. இன்ஜின் அங்கே வேகிறது, ஹீட்டரில் சாதாரணக் காற்று வருகிறது! உடனே அணைத்தேன். அந்தக் குழாயில் தண்ணீரே இல்லை, காற்று, காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது, இந்த வண்டியில் ஹீட்டர் குழாய் ரேடியேட்டர் மூடியைவிட உயரம், தண்ணீரை முழுக்க இறக்கி மறுபடி நிரப்பினால் காற்று அங்கேதான் போய் உட்காரும், ரோட்டில் குலுங்கும்போது அது நகர்ந்து ஹெட்டுக்குள் வரும், அந்த இடத்தில் தண்ணீர் படாது, கொதிக்கும். இவ்வளவுதான். ரேடியேட்டரும் இல்லை, ஃபேனும் இல்லை, பம்ப்பும் இல்லை, வெறும் காற்று.

வெறும் காற்று! இதை எடுக்கிறது ஒரு பெரிய வேலையா? வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்து, ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும், இன்னொருத்தர் முன்னால் நின்று காற்றுக் குமிழி நிற்கிறவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் சேர்ந்து எத்தனை வண்டிக்குச் செய்திருக்கிறோம், என் கை மேலே போனால் மிதி, கீழே வந்தால் விடு, வாயைத் திறக்கவே வேண்டாம். ரேடியேட்டர் மாற்றின அன்றைக்கு என்ன செய்தார்? தனியாக ஊற்றினார், ததும்புகிறவரை ஊற்றினார், மூடினார், போனார். ஏன்? ஹீட்டர் குமிழ் டேஷ்போர்டில் இருக்கிறது, டேஷ்போர்டு என்னுடையது, மிதிக்க இன்னொரு கால் வேண்டும், அந்தக் கால் என்னுடையது, என்னைக் கூப்பிட வேண்டும், கூப்பிடமாட்டார், கூப்பிட்டால் கிரீடம் இறங்கிவிடும், அதற்காகத் தங்கையின் இன்ஜின் மூன்று தடவை வெந்தது, ஒரு அம்மாள் நடு ரோட்டில் குதித்தாள், வீம்பு, வீம்பு, இப்படியும் ஒரு மனிதருக்கு வீம்பு இருக்குமா! ஸ்பேனரை எடுத்துத் தகரத்தில் ஓங்கி எறிந்தேன், எட்டு ஊருக்குக் கேட்டிருக்கும், குழிக்குள் இருந்த தலை திரும்பவில்லை. பம்ப் மாற்றிய தடவையும் அதே கதைதான். அப்போது நான் எங்கே இருந்தேன்? இங்கேதான் இருந்தேன், இந்த மேஜையில், அவர் தனியாக ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு... பார்த்தேனா? பார்த்தேன். சரி, பார்த்தேன், அது என் வேலையா?

அவர் தேவையில்லை. ஜாக்கி போட்டு மூக்கைத் தூக்கினேன், கட்டை வைத்தேன், சூடு ஆறுகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து மூடியைத் திறந்தேன், ஹீட்டரைத் திறந்துவைத்து இன்ஜினைக் கிளப்பினேன், ஆக்ஸிலேட்டர் கேபிளைக் கையாலேயே இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அது இன்ஜினுக்குப் பின்னால் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, மூடி முன்னால் மூக்கில் இருக்கிறது, பல்லி மாதிரி வண்டிமேல் பரவி இடது கையால் அதை இழுத்து வலது கையால் தண்ணீரை ஊற்றினேன், பாதி தண்ணீர் ஃபேன்மேல் விழுந்து என் முகத்திலேயே அடித்தது, மீதி உள்ளே போய் ஒரு பெரிய குமிழாகக் கிளம்பிக் கொதிக்கக் கொதிக்க மணிக்கட்டில் துப்பியது, ஐயோ என்று கத்தினேன், கத்தினது நிச்சயம் அவர் காதில் விழுந்திருக்கும், அதைவிடப் பயம் வேறு, முள் எங்கே நிற்கிறது என்று இங்கிருந்து தெரியவில்லை, ஓடிப்போய்ப் பார்த்தேன், சிவப்புக்கு ஒரு விரல் கீழே, அணைத்தேன். மணிக்கட்டைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு யோசித்தேன், ஆக்ஸிலேட்டர்மேல் ஒரு செங்கல்லை வைத்தால்? செங்கல் முள்ளைப் பார்க்காது. இன்னொரு தடவை தனியாகச் செய்து ஹெட் வளைந்துபோனால் தங்கையிடம் என்ன சொல்வேன், அண்ணனைக் கூப்பிடப் பிடிக்கவில்லை, அதனால் உன் வண்டியைக் கொன்றுவிட்டேன் என்றா?

போனை எடுத்துத் தங்கையையே கூப்பிட்டேன். "கண்டுபிடிச்சுட்டேன், காத்து அடைச்சிருக்கு, அஞ்சு நிமிஷ வேலை, நீ வந்து ஆக்ஸிலேட்டரை மிதிச்சா போதும்" என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "பெரியண்ணன் எங்க?" என்றாள். "இங்கதான்." "இங்கதான்னா எவ்வளவு தூரம்?" குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். "சொல்லு சின்னண்ணே, எவ்வளவு தூரம்?" "ஒரு பத்தடி." "அவருக்குக் கால் இருக்குல்ல?" என்றாள். "இருக்கு." "அப்புறம் எனக்கு எதுக்கு போன் பண்றே? நான் வந்து மிதிச்சா வண்டி சரியாகும், வேற என்ன சரியாகும்? நான் சாயங்காலம் சாவி வாங்கத்தான் வருவேன், மிதிக்க வரமாட்டேன்." வைத்துவிட்டாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது, யார்மேல்தான் வரவில்லை இன்றைக்கு, இந்தக் காரைச் செய்தவன்மேல் வந்தது, ரேடியேட்டர் மூடியை ஒரு கோடியிலும் ஆக்ஸிலேட்டரை இன்னொரு கோடியிலும் வைத்தவன் தனிக்கட்டையாக இருந்திருக்கமாட்டான், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஒரு அண்ணன் தம்பி இருந்திருப்பார்கள் அவனுக்கு.

வெயில் கதவைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. 'அண்ணே'. ஒரே ஒரு சொல், பிறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து சொன்ன சொல், அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை, தொண்டையில் பாதி தூரம் வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது, நான் ஏன் சொல்ல வேண்டும், சொன்னது அவர், அடிபட்டது நான், நானே போய் அண்ணே என்று நிற்க வேண்டுமா... கார் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனை அழுத்தினேன். ஹாரன் என்னுடையது, அதை நான் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். விடாமல் அழுத்தினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். குழிக்குள் இருந்த தலை திரும்பியது, கையை எடுத்தேன், அவரைப் பார்க்காமல் ரேடியேட்டரைப் பார்த்துச் சொன்னேன், "ஒருத்தர் மிதிக்கணும்." யார் என்று சொல்லவில்லை, யாரிடம் என்றும் சொல்லவில்லை, காற்றில் சொன்னேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். குழியிலிருந்து ஏறுகிற சத்தம் கேட்டது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறுகிற சத்தம், இவருக்கு எப்போது முழங்கால் வலி வந்தது, தங்கை சொல்லவே இல்லையே? கையைத் துணியில் துடைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்தவில்லை. "ஹீட்டர்?" என்றார். ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை அது, ஹீட்டர். "போட்டாச்சு" என்றேன். அவ்வளவுதானா, இதற்காகவா இத்தனை நாள், நாலு எழுத்து அஞ்சு எழுத்து, எனக்கு என்னவோ இடி இடிக்கும் என்று இருந்தது, ஒன்றும் இடிக்கவில்லை.

இன்ஜின் ஓடியது. பானெட்டுக்குப் பக்கவாட்டில் இடது கையை நீட்டி மேலே தூக்கினேன், மிதித்தார், கீழே இறக்கினேன், விட்டார், ஒரு நூல் முன்னே பின்னே இல்லை, எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது, மறந்துபோயிருக்க வேண்டாமா கொஞ்சமாவது? தண்ணீரை மெல்ல ஊற்றினேன், முதலில் சின்னச் சின்னக் குமிழ், அப்புறம் ஏப்பம் விடுகிற மாதிரிப் பெரிய பெரிய குமிழ், மட்டம் சடாரென்று இறங்கியது, ஊற்றினேன், மறுபடி ஏப்பம், ஊற்றினேன், எவ்வளவு காற்று, இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டா இந்த வண்டி ஓடியது... உள்ளே ஹீட்டர் காற்றின் சத்தம் கேட்டது, இப்போது அது சுடுகாற்று, அவர் நெற்றியில் வியர்வை கிளம்புவது இடுக்கு வழியாகத் தெரிந்தது. பிறகு குமிழ் நின்றது. தண்ணீர் வாய்வரை வந்து மெல்லச் சுழன்றுகொண்டு நின்றது, ஒரு பொட்டுக் குமிழ் இல்லை. வேலை முடிந்தது, கையை இறக்க வேண்டியதுதான். நான் இறக்கவில்லை. தெரிந்தேதான் இறக்கவில்லை. மேலேயே வைத்திருந்தேன், மிதி, இன்னும் மிதி, சுடுகாற்று நேராக முகத்தில் அடிக்கட்டும், வேகட்டும், ஒரு வருஷமாக நான் வெந்தேனே, கொஞ்ச நேரம் அவர் வேகட்டும். சட்டை அவர் தோளில் ஒட்டிக்கொண்டது, புருவத்திலிருந்து சொட்டியது, தோளில் துடைத்துக்கொண்டார், காலை எடுக்கவில்லை, என் கையைப் பார்த்தார், குனிந்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். ஊற்றுகிற மாதிரிக் குவளையைச் சாய்த்தேன், அதில் தண்ணீரே இல்லை. ருசியாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன், இந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. கை கடுக்க ஆரம்பித்தது, அப்போதும் வைத்திருந்தேன், கடைசியில் அது தானாகவே இறங்கிவிட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். முகம் சிவந்து கிடந்தது. என் மணிக்கட்டைப் பார்த்தார், ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், "மூடியை நல்லா இறுக்கு" என்றார், குழாய்க்குப் போனார், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார், மறுபடி குழிக்குள் இறங்கிவிட்டார். நல்லா இறுக்கு! எனக்குத் தெரியாதா மூடியை இறுக்க? கட்டையை எடுத்தேன், ஜாக்கியை இறக்கினேன், மன்னிப்புக் கேட்டாரா, இல்லை, கேட்கமாட்டார், கேட்கத் தெரியாது அவருக்கு, கோளாறு சொல்லத் தெரியும், வேறென்ன தெரியும்? தங்கை வந்தாள், ஒன்றும் கேட்கவில்லை, ஈரமாக இருந்த டிரைவர் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள், அதன்மேல் ஒரு துணியைப் போட்டு உட்கார்ந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நெரிசல் நேரம், நன்றாகவே சுற்றவிட்டு வந்தாள். வாசலில் நிறுத்தி, இறங்காமலே, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "முள்ளு பாதிக்கு மேல அசையவே இல்ல! சிக்னல்ல நின்னப்பக்கூட அசையல. போறப்பவும் வர்றப்பவும் அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன், அங்க உட்கார்ந்தா வேற எதைப் பார்க்கிறது?" போய்விட்டாள். நாளைக்கு வருவாளா என்று கேட்க மறந்துவிட்டேன். எதிர்க்கடையில் விளக்குப் போட்டார்கள். எறிந்த ஸ்பேனர் எங்கே போய் விழுந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன், அங்க உட்கார்ந்தா வேற எதைப் பார்க்கிறது... ஆமாம், அங்கே உட்கார்ந்தால் முள்தான் தெரியும், முள் பாதியில் வந்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்கும், ஹீட்டரில் சூடு வந்தது முகத்திலேயே தெரிந்திருக்கும், காற்று போய்விட்டது, வேலை முடிந்தது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும், சத்தத்தை வைத்தே சொல்கிறவர் ஆயிற்றே, அப்புறமும் என் கை மேலே இருந்தது, அவர் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. ஏன் இறங்கவில்லை?